மாமா மீனை விட்ட தபசுகாலம்

போன கிழமை கிளினிக்கில நேர்ஸ் பிள்ளை என்னைத் தராசில ஏத்திப் பாத்திட்டு, ஐயா நிறை கூடிப்போச்சு, குறைக்க வேணும் எண்டா. பட்டினி கிடக்கப்படாதாம். சோத்தையும் சீனியையும் குறைச்சு, மீன், முட்டை, பருப்பு, கீரையெண்டு சாப்பிட்டு, பின்னேரத்தில நடக்கட்டாம். வெறுமனே பட்டினி கிடந்தால் கொழுப்புக்கு முதல் தசை கரைஞ்சிடுமாம். ஓம் பிள்ளை எண்டு தலையாட்டிப்போட்டு வந்தனான். பஸ்ஸில இருக்க இடமில்லை. இந்த முழங்காலோட எங்கட ஊர் வங்காலை வரைக்கும் நிண்டுகொண்டு வந்தன். வழியெல்லாம் மாமாவின்ர நினைவுதான்.

மாமா, அம்மாவின்ர தம்பி. கரையில நிண்டு ரெண்டு பக்கமும் கயிறு பிடிச்சு இழுக்கிற கரைவலையில அவர்தான் முன்கயித்துக்காரர். முன்கயிறெண்டால் சும்மா இல்லை, அவர் கால் ஊண்டினாத்தான் பின்னால நிக்கிறவனுக்குப் பிடி. ஆனால் அந்த வரியம் மனுசனுக்கு வயிறு வைச்சு மூச்சு வாங்கத் தொடங்கிட்டுது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சொல்லிப்போட்டார், உயிர்த்த ஞாயிறு முடியப் பெரிய வலை இறக்குவம், அதுக்குள்ள வயித்தைக் குறைக்காட்டி வேற ஆளைப் போடுவனெண்டு.

அப்ப தபசுகாலம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாப்பது நாள் நோன்பு, தொடங்கிற நேரம். எங்கட ஆக்கள் தபசுக்கு இறைச்சியை விடுவினம், மீனை ஆரும் விடுறேல்லை. மீன் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. மாமா மீனையும் விட்டார், முட்டையையும் விட்டார். ஆண்டவருக்கு ஒறுத்தலாயும் போகும், வயிறும் குறையுமெண்டு அவற்ர எண்ணம். காலமை கஞ்சி, மத்தியானம் சோறும் சம்பலும், பசிச்சால் சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணி. சனிக்கிழமையில கருவாடு கட்டுற கொட்டிலான வாடிக்குப் போய், சாக்குக் கொழுவுற தராசில தொங்கி நிறை பாப்பார். அங்க நிக்கிறவங்கள் விடுவாங்களே, இந்தக் கருவாடு என்ன விலைக்குப் போகுதெண்டு கேப்பாங்கள். மாமாவும் சிரிப்பார். கிழமைக்குக் கிழமை நிறை இறங்கிக்கொண்டுதான் வந்தது.

அப்ப சின்னப் பொடியனாயிருந்த நான்தான் அவருக்குக் காவல். மீனில கைவைச்சால் சொல்லச்சொல்லி அவரே என்னட்டச் சொல்லியிருந்தவர். ஒருநாள் மத்தியானம் மாமி சூடை மீன் பொரிச்சு வைச்சிருந்தா. மாமா ஒண்டை எடுத்து வாயடிக்குக் கொண்டு போயிட்டார்.

"மாமா, தபசு," எண்டன்.

மனுசன் அப்பிடியே நிண்டார். மாமிக்குக் கோவம் வந்திட்டுது. "உன்னை ஆரடா கேட்டது? கயிறு இழுக்கிற மனுசன், அவர் தின்னட்டும்."

"விடப்பா, பொடியன் சொல்லுறது சரி," எண்டு மாமா மீனை வைச்சிட்டுக் கையைக் கழுவினார். எனக்குச் சந்தோசத்தில பெரிய புளுகம்.

தபசு முடிய நிறை பதினெட்டு இறாத்தல் குறைஞ்சு போச்சு. பெரிய வலை இறக்கின அண்டைக்கு நானும் கரைக்குப் போனனான். மாமா முன்கயித்தைத் தோளில போட்டுக் காலை ஊண்டினார். கொஞ்ச நேரந்தான். கால் மண்ணில சறுக்கிச்சுது, கயிறு அவற்ர கையை உரிச்சுக்கொண்டு ஓடிச்சுது. பின்னால நிண்டவங்கள் ஒருத்தருக்கு மேல ஒருத்தர் விழுந்து எழும்பினாங்கள். வலையும் ஒரு பக்கம் சரிஞ்சு பாதி மீன் வெளியில போயிட்டுது.

நான் சம்மாட்டியிட்ட ஓடிப்போய், மாமா பதினெட்டு இறாத்தல் குறைஞ்சிட்டாரெண்டு சொன்னன். சம்மாட்டி என்னைப் பாக்கேல்லை. மாமாவின்ர தோளைப் பிடிச்சுப் பாத்தார்.

"தம்பி, உன்ர தோளல்லோ குறைஞ்சு கிடக்கு. வயிறு இருந்தபடிதான் இருக்கு."

மாமா உரிஞ்ச கையைச் சாரத்தில துடைச்சார். தேறி வாறன், கொஞ்சநாள் பொறுங்கோ எண்டாவது கேட்டிருக்கலாம். சம்மாட்டி அவரை ஓலைப் பந்தலுக்குக் கீழ, பொம்பிளையளோட இருந்து மீனைத் தரம் பிரிக்கச்சொல்லி அனுப்பிவிட்டார். அவர் போய்க் குனிஞ்சு இருந்தவர், பிறகு நிமிரவே இல்லை. முன்கயித்தில வேற ஒருத்தன் நிண்டான்.

நல்ல வெயில் அண்டைக்கு. மாமாவுக்கு நிழலில இருக்கிற வேலை கிடைச்சிட்டுதெண்டு அம்மாவிட்டச் சொல்ல நான் வீட்டுக்கு ஓடினன்.