கண்ணாடிபோல் ஒரு குளியலறைத் தரை

குளியலறைத் தரைக்கு மைக்ரோசிமெண்ட் என்னும் மெல்லிய சிமெண்டுப் பூச்சைப் பூச வந்த கொத்தனார் காதர் பாயை, "நானே பூசிக்கிறேன்" என்று திருப்பி அனுப்பினேன். செல்போனில் ஆறு வீடியோ பார்த்தேன். மூன்று பூச்சுப் பூசி, கண்ணாடிபோல் மினுக்கினேன். ஈரத்தில் வழுக்குமா என்று மட்டும் பார்க்கவில்லை. முதல் நாளே மனைவி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

வெட்கத்தோடு பாயைக் கூப்பிட்டேன். கேலி செய்வார் என்று பயந்தேன். அவர் தரையைத் தடவிப் பார்த்து, "பூச்சு சுத்தமாத்தான் இருக்கு சார். இம்புட்டு வழவழப்பு சுவத்துக்குத்தான் ஆகும்" என்றார்.

கட்டுப்போட்ட கையோடு மனைவி சொன்னாள்: "பூச்சை மூணுன்னு எண்ணினவரு, என் காலு ரெண்டை எண்ணலையே பாய்!"

பாய் சிரித்துக்கொண்டே தரையைச் சொரசொரப்பாக்கித் தந்தார்.

கட்டிலிலிருந்து குளியலறைக்குள் அவளுக்குப் பதினோரு காலடி. பதினொன்றாவது காலடிச் சத்தம் கேட்கும்வரை இன்றும் நான் மூச்சு விடுவதில்லை.