பார்சிப்பனியில் அப்பாவுக்கு வேலை

என் அப்பா நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில், ஐந்து வருஷம் வேலை பார்த்தார். அந்த ஐந்து வருஷமும் அவர் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் கடலைக்காட்டில் நின்றிருந்தார் என்பது வேறு விஷயம்.

போன சனிக்கிழமை காப்பெல் வீட்டு கராஜை ஒழித்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸ் வெயிலில் கராஜுக்குள் நிற்பதும் செங்கல் சூளைக்குள் நிற்பதும் ஒன்றுதான். என் கணவர் செந்தில்குமார் எதையும் தூக்கிப்போட மாட்டார். காலி டிவி பெட்டிகூட பத்திரமாக இருக்கும். அப்படி ஒரு பெட்டிக்குள் என் பழைய ஆபீஸ் அட்டை கிடந்தது. கழுத்தில் மாட்டும் நாடாவை முகர்ந்து பார்த்தேன். இன்னும் தீய்ந்த பாப்கார்ன் வாசனை. சிரிக்காதீர்கள், உண்மை.

அட்டையில் இருப்பது என் முகம். கீழே பெயர்: பழனிசாமி, எஸ்.

அந்த எஸ்தான் நான். ஊரில் அப்பா எனக்கு இனிஷியல். அமெரிக்கா வந்ததும் நான் அப்பாவுக்கு இனிஷியலாகிவிட்டேன். லாஸ்ட் நேம் இல்லாமல் ஒரு மனுஷி இருக்க முடியும் என்று இந்த ஊர் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயரை எடுத்து என் தலையில் கட்டிவிட்டது. மகள் இனியா பிறந்தபோது நர்ஸ் வந்து, "மிஸ்டர் ராமசாமி, மிஸஸ் பழனிசாமி" என்று கூப்பிட்டாள். எங்கள் இருவரின் அப்பாக்களும் ஜோடியாக எழுந்து நின்றார்கள். குழந்தைக்கு லாஸ்ட் நேம் செந்தில்குமார். வீட்டில் மூன்று பேர், மூன்று லாஸ்ட் நேம். தபால்காரர் எங்களைக் கூட்டாக வாடகைக்கு இருப்பவர்கள் என்றே நினைத்திருந்தார்.

2002இல் சாஃப்ட்வேர் டெஸ்டராகச் சேர்ந்தேன். அடுத்தவன் செய்த வேலையில் குறை கண்டுபிடிக்கும் வேலை. என் வாய்க்குப் பொருத்தம். மேனேஜர் அந்தக் கோடியிலிருந்து, "பழனிசாமி! ரிப்போர்ட் எங்கே?" என்று கத்துவான். ஞாயிற்றுக்கிழமை காலிங் கார்டு போட்டு அப்பாவிடம் சொல்வேன்.

"அப்பா, இந்த வாரமும் உங்களுக்கு ஆபீஸ்ல திட்டு."

"நா என்ன சாமி பண்ணுனேன்? நா இங்க கடலக்காட்டுல நிக்கறனே."

"ரிப்போர்ட் குடுக்கலயாம்."

"நாளைக்கிக் குடுக்கறேன்னு சொல்லிப்போடு."

பாப்கார்னுக்கு வருகிறேன். அது கரோலுடைய பாப்கார்ன். என் பக்கத்துத் தடுப்பில் இருந்தவள், அறுபதை நெருங்கியவள், எங்கள் சாஃப்ட்வேருக்குக் கையேடு எழுதுபவள். தினமும் மூன்று மணிக்கு மைக்ரோவேவில் பாப்கார்னைத் தீய்ப்பாள். அந்தப் பொட்டலத்தோடு என் தடுப்பின் மேல் சாய்ந்து தன் முன்னோர்களைப் பற்றி அழுவாள். எனக்குக் கோபமாக வரும். ஆனால் பாப்கார்ன் கொடுப்பாள், தின்பேன்.

கரோல் ராபர்ட்ஸின் அப்பாவுக்கு அப்போது எண்பத்து நாலு வயது. அவருடைய தாத்தா ஹ்யூ ராபர்ட்ஸ் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்து, பென்சில்வேனியாவில் கல் வெட்டியவர். ஊரில் அவர்களுக்கு ஒரு தோட்டம் இருந்ததாம், மாடு, ஆடு எல்லாம் இருந்ததாம், வாசலில் ஒரே கல்லில் குடைந்த தண்ணீர்த்தொட்டி இருந்ததாம். சின்னப் பையனாக இருந்தபோது ஹ்யூ அந்தத் தொட்டியின் விளிம்பில் தன் பெயரின் முதல் எழுத்தை ஆணியால் செதுக்கி, அவர் அப்பாவிடம் செமத்தியாக வாங்கினாராம். எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. கரோலின் அண்ணன், கிழவர் கதை கட்டிவிடுகிறார் என்று சிரிப்பாராம். கிழவருக்கோ சாவதற்கு முன் அந்தத் தொட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கோடையோடு சரி, அதற்கப்புறம் இந்த இதயத்தை வைத்துக்கொண்டு விமானம் ஏறாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரோல் ஜூன் மாதத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டாள். போய் இறங்கி எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை.

மூன்று வருஷமாக ஹ்யூ ராபர்ட்ஸின் அப்பாவைத் தேடினாள். இன்டர்நெட்டில் வேல்ஸ் முழுக்க ராபர்ட்ஸ்தான். ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்து, தடுப்புச் சுவரில் வம்சமரம் ஒன்றை ஒட்டியிருந்தாள். கிளை கிளையாக ராபர்ட்ஸ். ஹ்யூவுக்கு மேலே மட்டும் ஒரு கேள்விக்குறி.

ஏப்ரலில் ஒரு நாள் குடும்பப் பைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஸ்கேன் செய்ய. வேல்ஸ் மொழிப் பைபிள். கறுப்புத் தோல் அட்டை, செங்கல் கனம். முதல் பக்கத்தில் மங்கிய மையில் பெயர்கள் எழுதியிருந்தன. அவள் பேசியது இங்கிலீஷ்தான். என் காதில் விழுந்தபடி சொல்கிறேன்.

"மேல எழுதியிருக்கே, ராபர்ட் வில்லியம், பிரின் கோக்னு. இது யாரு?" என்று கேட்டேன்.

"அது பழைய ஓனர். செகண்ட்ஹேண்ட்ல வாங்கியிருப்பாங்க. எங்காளுங்க கஞ்சம். நம்ம ஆளு அதுக்குக் கீழதான் இருக்காரு, ஹ்யூ ராபர்ட்ஸ்."

"ஹ்யூவோட அப்பா பேரு?"

"அதத்தான பழனி மூணு வருஷமா தேடறேன்! ஏதோ ஒரு ராபர்ட்ஸ்."

எனக்கு வந்ததே கோபம். என் அட்டையைக் கழற்றி அவள் கீபோர்டு மேல் போட்டேன்.

"இதுல என்ன எழுதியிருக்கு? பழனிசாமி. இது எங்க குடும்பப் பேருன்னு நினைக்கறியா? இது என் அப்பாவோட பேரு. ஆனா அவரோட அப்பா பழனிசாமி இல்ல, கருப்பண்ணன். அதே மாதிரி ஹ்யூவோட அப்பா ராபர்ட்ஸ் இல்ல, மேல எழுதியிருக்கற அந்த ராபர்ட்! அவரோட அப்பா வில்லியம்!"

கரோல் பொட்டலத்துக்குள் கையை விட்டபடி அப்படியே நின்றாள்.

"அப்ப எங்க குடும்பப் பேரு?"

"கிடையாது. எங்களுக்கும் கிடையாது. உங்க ஹ்யூ கப்பல்ல வந்தப்ப எவனோ ஒரு குமாஸ்தா அந்தப் பேர இறுக்கிக் கட்டிட்டான். எனக்கும் அப்படித்தான் கட்டினான்."

"பிரின் கோக்?"

"அது ஆளே இல்ல. அது தோட்டம். எங்க ஊர்ல பதினோரு பழனிசாமி. எங்க தோட்டம் ஓடக்காடு, என் அப்பாவ ஓடக்காட்டுப் பழனிசாமினாதான் பஸ் கண்டக்டருக்கே தெரியும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, பாதி குருட்டடி. வேல்ஸ் எங்கே இருக்கிறது என்பதே எனக்கு அப்போது சரியாகத் தெரியாது, இங்கிலாந்துக்குக் கீழே ஒரு தீவு என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு டிரைவ் பண்ணும்போதுதான் அது உறைத்தது. என் பேச்சைக் கேட்டு அந்தக் கிழவர் கடல் தாண்டிப் போய், யாரோ ஒருத்தர் வாசலில் நின்றால்?

பைபிளின் உள்ளட்டையில் ஒரு தேவாலயத்தின் முத்திரையும் கிராமத்தின் பெயரும் இருந்தன. கரோல் அங்கே மெயில் எழுதினாள். பத்து நாள் பதில் இல்லை. அந்தப் பத்து நாளும் அவள் பாப்கார்ன் தீய்க்கவில்லை. எனக்கும் ஆபீஸில் யாரையும் திட்டப் பிடிக்கவில்லை. பதினோராவது நாள் பதில் வந்தது: பிரின் கோக் என்றால் செம்மேடு, இந்தப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரே தோட்டம்தான், இன்னும் இருக்கிறது, இப்போது இருப்பவர்கள் உங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் டீ கொடுப்பார்கள்.

ஜூலையில் கரோல் போட்டோக்களோடு திரும்பி வந்தாள். கூரையில் டிஷ் ஆன்டெனா வைத்த கல் வீடு. தொட்டியில் தண்ணீருக்குப் பதிலாகச் சிவப்புப் பூச்செடி. கிழவர் செடியை ஒதுக்கிவிட்டு விளிம்பைத் தடவுகிறார். பக்கத்தில் எடுத்த படத்தில் கோணலாக ஒரு ஹெச். பையனுக்கு அடி விழுந்தது நியாயம்தான், கையெழுத்து அவ்வளவு மோசம்.

"அப்பா என்ன சொன்னாரு?" என்றேன்.

"அங்க நின்னே செல்லுல எங்கண்ணனக் கூப்பிட்டாரு. 'உன் நாக்க அடக்கு'ன்னு சொல்லிட்டு போன வச்சிட்டாரு."

அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பிறகு நாங்கள் டெக்சாஸ் வந்துவிட்டோம். ஏர்போர்ட்டில் ஒவ்வொரு முறையும், "இது உங்கள் குழந்தைதானா?" என்று கேட்பார்கள். எரிச்சல் தாங்காமல், சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணும்போது பெயர் மாற்றும் கட்டத்தில் செந்தில்குமார் என்று எழுதிவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன்.

 

"அப்ப எனக்கு வேல போச்சா கண்ணு?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். அவர் போய் இப்போது பல வருஷம் ஆகிறது. கரோலின் அப்பாவும் இல்லை. போன கிறிஸ்துமஸுக்குக் கரோல் மெயில் போட்டிருந்தாள். அந்தத் தோட்டத்தை விடுமுறை வாடகைக்கு விடும் யாரோ வாங்கி, வாசல் பலகையை மாற்றி, சன்செட் காட்டேஜ் என்று வைத்துவிட்டார்களாம். கடைசி வரியில், என்னிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள்: கருமம்.

கராஜில் நான் அட்டையோடு நிற்பதைப் பார்த்து இனியா வந்தாள். காலேஜ் போகிற பெண். ஞாயிறு தவறாமல் அவள் அப்புச்சியோடு, அதாவது என் அப்பாவோடு, போனில் பேசி வளர்ந்தவள். அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"மாம், ஹூ இஸ் பழனிசாமி?"

வாயில் வந்ததைச் சொல்லித் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவளை என்ன சொல்வது? அவளுக்கு அவர் அப்புச்சி. அப்புச்சிக்கு ஒரு பெயர் உண்டென்று நான்தான் சொல்லவில்லை. அவளை டிவி பெட்டி மேல் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு மார்க்கரை எடுத்து அட்டையின் பின்னால் எழுதினேன்: பழனிசாமி, ஓடக்காடு.

நூறு வருஷம் கழித்து எவளாவது இதை எடுத்துப் பார்த்துவிட்டு, இது யாரோ பழைய ஓனர் என்று சொல்லட்டும். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, அவள் பாப்கார்னைத் தின்றுகொண்டே அவளைத் திட்டுவதற்கு ஒருத்தி கிடைக்காமலா போய்விடுவாள்?