மாலை போட்ட மூன்றாம் நாள்

சாமிமார்களுக்கும் மாளிகைப்புறத்து அம்மாக்களுக்கும் தென்காசியிலிருந்து கோமதி எழுதிக்கொள்வது. இதை எழுத நினைத்து மூன்று வருஷம் ஆகிறது. நோட்டில் நாலு வரி எழுதுவேன், கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். தப்பும் தவறுமாக எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறு ஒன்றில் இருக்கிறது. அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பெயர் மாரியப்பன். சுரண்டை பக்கம் ஒரு காற்றாலை கம்பெனியில் டெக்னீஷியன். டவருக்குள் ஏணி இருக்கும். அதில் எண்பது மீட்டர் ஏறி மேலே போய் வேலை பார்க்க வேண்டும். இடுப்புப் பெல்ட்டில் இரண்டு கொக்கி உண்டு. ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கையில் இருந்தால் ஆள் இல்லை.

முதலில் குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் மட்டும் கூட்டாளிகளோடு குடித்தார். பிறகு சனிக்கிழமை. பிறகு தினமும். கடைசி இரண்டு வருஷம் விடிந்தால் குடி. பல் தேய்க்குமுன் ஒரு மடக்கு உள்ளே போகாவிட்டால் கை ஆடும். காபி டம்ளரைப் பிடிக்க முடியாது. அந்தக் கையோடு டவர் ஏறப் போகிறாரே என்று பயந்து, நானே ஊற்றிக் கொடுத்த நாட்களும் உண்டு. அடியும் உண்டு. அதை நான் விவரமாக எழுதப் போவதில்லை. என் மகள் இதைப் படிப்பாள்.

ஒரு ஐப்பசி மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்கே அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார் காதர். கடையநல்லூர்க்காரர், இவரோடு ஒன்றாக டவர் ஏறுகிறவர். வாசலிலேயே நின்று சொன்னார்.

"மைனி, இன்னைக்கி இவன் ரெண்டு கொக்கியையும் கழத்திட்டு அம்பது மீட்டர்ல நிக்கான். கேட்டா முழிக்கான். நான் சட்டையப் புடிச்சி இழுக்கலன்னா இன்னேரம் உங்களுக்குப் போன்தான் வந்திருக்கும்."

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஏலே, அவட்ட எதுக்குலே சொல்லுத?" என்றார்.

"மைனிட்ட சொல்லாம ஒம் பொணத்துட்டயா சொல்லணும்?"

காதர் என் கையில் ஒரு கவர் கொடுத்தார். கம்பெனி இன்ஜினீயர் கொடுத்தனுப்பியது. வேலையை விட்டு எடுக்கவில்லை, டவர் மட்டும் ஏறக் கூடாது. ஊழியர்களுக்கும் குடும்பத்துக்கும் கம்பெனி செலவில் ஒரு ஆலோசனை நம்பர் இருக்கிறது, கூப்பிட்டுப் பேசுங்கள், நீங்கள் பேசுவது கம்பெனிக்குத் தெரியாது. இதுதான் அதில் இருந்தது.

நான் நம்பவில்லை. நம் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்து வேலையை விட்டுத் தூக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. கவரைக் கொண்டுபோய் ஐயப்பன் படத்துக்குப் பின்னால் சொருகினேன். "நீ பாத்துக்கோ, ஐயா" என்று அழுதேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு நேரம்தான் சாப்பாடு. தினமும் ஐயப்பன் காலடியில் ஒரே வேண்டுதல்தான். ஆளைக் காப்பாற்றிக் கொடு.

எங்கள் தெருவில் எவ்வளவு குடிகாரரானாலும் மாலை போட்டால் மலைக்குப் போய் வரும் வரை தொட மாட்டார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கார்த்திகை ஒன்றாம் தேதி இவருக்கு மாலை போட்டுவிட்டால் நாற்பத்தோரு நாள் தப்பிக்கலாம். அதற்குள் குடியே மறந்துபோகும் என்று நினைத்தேன். இவர் காலில் விழுந்து கேட்டேன். மகளும் விழுந்தாள். சரி என்றார்.

கார்த்திகை ஒன்று, விடிகாலை. குற்றாலம் மெயின் அருவியில் எள் விழ இடமில்லாத அளவுக்குக் கறுப்பு வேட்டி. குளித்து வந்தவருக்கு எங்கள் தெருக் குருசாமி அண்ணாச்சி துளசி மாலை போட்டார். இவர் முகத்தில் தண்ணீர் சொட்டியதைப் பார்த்தபோது, என் வாழ்க்கையையே கழுவிவிட்ட மாதிரி இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் குடித்ததுதான் கடைசி.

முதல் நாள் கை ஆடியது. குளிர் என்றார். இரண்டாம் நாள் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. வேர்வை ஆறாக ஓடியது. தூக்கமே இல்லை. உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் வெளியே போகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். திடீரென்று எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏற ஆரம்பித்தார். கண் எங்கோ நிலைகுத்தி நின்றது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கையால் எதையோ மாட்டுகிறார், கழற்றுகிறார், மறுபடி மாட்டுகிறார். வாயில் ஏதேதோ பேச்சு. மகளைப் பார்த்து, "நீ யாரு? எறங்கு, எறங்கு" என்று கத்தினார்.

தெருவே கூடிவிட்டது. குருசாமி அண்ணாச்சி வந்து பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். "பயப்படாதிய தாயி. சாமி வந்திருக்காரு. பதினெட்டுப் படி ஏறுதாரு, பாருங்க" என்றார். சரணம் சொன்னார்கள். நான் சூடம் ஏற்றினேன். என் கையாலேயே ஏற்றினேன். என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. உள்ளே ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லையே என்று பார்க்க காதர் வந்தார். கூட்டத்தை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மைனி, அவன் படியும் ஏறல, மலையும் ஏறல. டவர் ஏறுதான். கையப் பாருங்க, கொக்கி மாட்டுதான். இது எங்க வேல. இவனுக்கு என்னமோ ஆயிப்போச்சி."

"நீரு சும்மா இரும் தம்பி, விரத வீடு" என்று யாரோ அதட்டினார்கள்.

காதர் அதைக் காதில் வாங்கவில்லை. "மைனி, அன்னைக்கிக் குடுத்த கவரு எங்க?" என்றார்.

படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவரே அந்த நம்பருக்குப் போட்டு என் கையில் தந்தார். ஒரு அம்மா பேசினார். குரலில் எந்த அவசரமும் இல்லை.

"தினமும் குடிப்பாராம்மா? காலைல எழுந்ததுமே?"

"ஆமா மேடம்."

"கடைசியா எப்போ குடிச்சாரு?"

"மூணு நாளாச்சி. விரதத்துல இருக்காவ."

"ஜுரம் இருக்கா? ஆள் அடையாளம் தெரியுதா?"

சொன்னேன். அந்த அம்மா, "இது சாமி இல்லம்மா. ரொம்ப நாள் குடிச்ச உடம்புக்குத் திடீர்னு நிறுத்தினா இப்படி ஆகும். உயிர் போயிடும். 108-க்குச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார்.

"விரதம் முறிஞ்சிருமே மேடம்."

"விரதத்துக்கு மொதல்ல ஆள் இருக்கணும்மா."

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே வலிப்பு வந்து வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டார். "யாரு இவரைக் குடிய நிறுத்தச் சொன்னது?" நான்தான் என்றேன். "நிறுத்த வேண்டியதுதான். ஆனா எங்ககிட்ட வந்து நிறுத்தணும். மாத்திரை குடுத்து, ஊசி போட்டு, கொஞ்சம் கொஞ்சமா" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கை கால்களைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். அவர் தலையை உருட்ட உருட்ட மாலை கழுத்தை இறுக்கியது. நர்ஸம்மா கழற்றச் சொன்னார். நான் விடவில்லை. குருசாமி கை படாமல் மாலையைக் கழற்றினால் தெய்வ குற்றம் என்று மல்லுக்கு நின்றேன். கழுத்தில் ரத்தம் கன்றியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மல்லுக்கு நின்றேன். காதர் போய்க் குருசாமி அண்ணாச்சியை வண்டியில் ஏற்றி வந்தார். அண்ணாச்சி கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான்தான போட்டேன். நானே கழத்துதேன். பாவம்னு ஒண்ணு வந்தா எனக்கு வரட்டும்" என்று சொல்லிக் கழற்றினார். பிறகு வராந்தாவில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஐந்தாம் நாள்தான் என்னை அடையாளம் தெரிந்தது. "ஏட்டி, தண்ணி" என்றார். நான் வேண்டியது அன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் அதே ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரின் ஓபி. கட்டில் கிடையாது, காலையில் போய்ச் சீட்டுப் போட்டு, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம். வரிசையில் தெரிந்த முகம் வந்தால் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர்களும் திரும்பிக்கொள்வார்கள். கம்பெனி நம்பரில் பேசிய அம்மா வாரம் ஒரு தடவை இவரிடம் பேசினார். ஒருநாள் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. இவர் வேலை போகவில்லை. கீழேயே ஸ்டோரில் உட்கார வைத்தார்கள்.

அதோடு முடிந்தது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. ஆடி மாதம் சாரல் பார்க்க வந்த பழைய கூட்டாளிகளோடு ஐந்தருவிக்குப் போனவர் குடித்துவிட்டு வந்தார். இரண்டு நாள் குடித்தார். மூன்றாம் நாள் காலையில் அவரே வந்து என் முன்னால் நின்றார். "ஏட்டி, ஓபி சீட்ட எடு. போவோம்" என்றார். அந்த வார்த்தை எனக்கு ஐயப்பன் பேசின வார்த்தை. அன்றிலிருந்து இன்று வரை தொடவில்லை.

இனி என் வெட்கத்துக்கு வருகிறேன்.

அந்த ஆடி கழிந்து வந்த கார்த்திகையில் தெருப் பஜனையில் என்னைப் பேசச் சொன்னார்கள். நூறு பேர் இருந்தார்கள். நான் சொன்னேன்: "மாலை போட்டாவ. மூணாம் நாள் சாமி வந்தாரு. அதோட குடி போச்சி. சாமியே சரணம்." இவ்வளவுதான். டாக்டரைச் சொல்லவில்லை, ஓபியைச் சொல்லவில்லை, போனில் பேசிய அம்மாவைச் சொல்லவில்லை, ஆடியில் குடித்ததையும் சொல்லவில்லை. பைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்ததாகப் பேசுவார்கள், நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து இவர், "மாத்திரைய ஏன்டி விட்டுட்ட?" என்றார். "சாமி சபையில அதெல்லாம் சொல்லிக்கிட்டு" என்றேன்.

அந்தக் கூட்டத்தில் அச்சன்புதூரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் தம்பியும் காலையிலேயே குடிக்கிறவன். அடுத்த வாரம் அவள் அவனுக்கு மாலை போட வைத்தாள். மூன்றாம் நாள் கத்தினான், உளறினான். சாமி வந்திருக்கிறார் என்று கதவைச் சாத்தி வைத்துச் சரணம் சொன்னார்கள். நாலாம் நாள் காலையில் செத்துப்போனான்.

துக்கத்துக்குப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, நீங்க கூப்புட்டதுக்கு வந்த சாமி நான் கூப்புட்டதுக்கு ஏன்க்கா வரல?"

உண்மையைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். பதினாறு கழிந்த பிறகு மறுபடி போய், நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கேட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள். ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாள். உள்ளேயிருந்தே சொன்னாள்:

"இத எங்கிட்ட இப்பச் சொல்லி என்ன செய்ய? அங்கன சொல்லிருக்கணும். இனிமேலாவது சொல்லு."

அதற்கும் மூன்று வருஷம் எடுத்துக்கொண்டேன். சாமி என்னை மன்னிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் போய்க் குருசாமி அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார். அண்ணாச்சி இப்போது மாலை போட வருகிற ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "தெனமும் குடிப்பியளா சாமி? காலைலயுமா?" என்று கேட்கிறார். ஆமாம் என்றால், "மாலைக்கு அவசரமில்ல. மொதல்ல ஓபிக்குப் போயிட்டு, டாக்டர் சரின்னு சொன்ன பெறவு வாங்க" என்கிறார். கோபித்துக்கொண்டு வேறு குருசாமியிடம் போனவர்களும் உண்டு. போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. சிலர் வீட்டுக்கு என் வீட்டுக்காரரே போய்ச் செவ்வாய்க்கிழமை ஓபிக்குக் கூட்டிப் போகிறார்.

சாமிமார்களே, அம்மாக்களே, கும்பிடுங்கள். நானும் இன்றும் கும்பிடுகிறேன். கும்பிட்டது வீண் போகவில்லை. நான் கேட்பதற்கு முன்பே ஐயப்பன் அனுப்பிவிட்டார். கடையநல்லூர்க்காரர் கையில் அனுப்பினார், போனில் ஒரு குரலாக அனுப்பினார், செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு மாத்திரையாக அனுப்புகிறார். என்னைப் போல அதை ஒளித்து வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் விடிந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்கிற ஆள் இருந்தால், நாளைக்கே நிறுத்து என்று காலில் விழாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வா என்று விழுங்கள். வேண்டுதலை வழி நெடுக வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அச்சடித்துக் கொடுக்கிறவர்களும் செல்போனில் அனுப்புகிறவர்களும் ஒரு வரியும் மாற்றாமல் அனுப்புங்கள். நீளமாக இருக்கிறதென்று டாக்டரை எடுத்துவிடாதீர்கள். அழகாக இருக்கட்டும் என்று ஆடி மாதத்தை எடுத்துவிடாதீர்கள். பிழைத்த என் வீட்டுக்காரரைச் சொல்கிற வாயால் செத்துப்போன அச்சன்புதூர்த் தம்பியையும் சொல்லுங்கள்.