போதகர் வீட்டில் கேட்கப்பட்ட ஜெபம்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என் இடது காது கேட்காது. பிறவிக் கோளாறு இல்லை. என் கணவர் அடித்து வந்தது. அவர் அஞ்சுகிராமம் பக்கத்தில் ஒரு சிறிய சபைக்குப் போதகராக இருந்தார்.

குடும்ப வாழ்வைப் பற்றி அவர் பிரசங்கித்தால் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். "நீங்க குடுத்து வச்சவங்க" என்று என் கையைப் பிடிப்பார்கள். நான் முக்காட்டை இழுத்துக் கன்னத்து வீக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்பேன்.

காது போனபிறகு சபைக் கமிட்டியிடம் சொன்னேன். மூத்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்கம்மா. வெளிய தெரிஞ்சா சபைக்குல்லா கேவலம்? ஜெபம் பண்ணுங்க."

இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு எரிகிறது. சபையை நடத்துகிறவன் அடிக்கிறவனாக இருக்கக்கூடாது என்று இவர்கள் வேதத்தில் வாசித்ததே இல்லையா?

ஜெபம் பண்ணினேன். அவர்கள் சொன்ன மாதிரி அல்ல. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரோடு சண்டை போட்டேன். "நீரும் அந்தக் கமிட்டியில் ஒருத்தரா? எனக்காகப் பேச ஒரு ஆளையாவது அனுப்பும்!"

கொஞ்ச நாளில் என் மாமியார், கண் ஆபரேஷனுக்காக மண்டைக்காட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். மகன்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை, அங்கியில் சுருக்கம் இருந்ததற்காக என் கணவர் தன் அம்மா கண்முன்னாலேயே என்னை அறைந்தார். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. இவரும் இப்படித்தானா என்று மனம் விட்டுப்போயிற்று.

அன்று திருவிருந்து ஆராதனை. அத்தை முன்னால் போய் முழங்காலிட்டார். மகன் அப்பத்தை நீட்டினார். அத்தை கையை நீட்டவில்லை.

"ஏலே, இன்னைக்குக் காலத்த பெண்டாட்டிய அடிச்ச கையில்லா இது? இந்தக் கையால எனக்கு வேண்டாம்."



"அம்மா, பொறவு பேசலாம்" என்று அவர் முணுமுணுத்தார்.

"பொறவு என்னத்தப் பேச? அவளுக்க காத நீ திருப்பிக் குடுப்பியா?"

அத்தை எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலிட்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருத்திகூட அப்பம் வாங்கவில்லை.

அதற்குமேல் கமிட்டியால் மூடி மறைக்க முடியவில்லை. அவரை ஊழியத்திலிருந்து விலக்கினார்கள். இப்போது அவர் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். நானும் அத்தையும் வாடகை வீட்டில். காது திரும்பவில்லை. பயம் போய்விட்டது. அதற்காகத் தினமும் ஆண்டவரைத் துதிக்கிறேன்.

அடி வாங்கிக்கொண்டு கோயிலில் சிரிக்கிற சகோதரிகளே, என் ஆண்டவரை நம்புங்கள். அவரிடம் கத்துங்கள், அவர் கோபப்படமாட்டார். பொறுத்துக்கொள் என்று சொல்லுகிறவர்கள் அவர் பெயரால் பேசவில்லை.

போன மாதம் புதிய போதகரைத் தேர்ந்தெடுக்கச் சபை கூடியது. வந்தவரின் பிரசங்கத்தை எல்லாரும் மெச்சினார்கள். நான் எழுந்து நின்றேன்.

"பிரசங்கம் நல்லாத்தான் இருக்கு. இனி அவர வெளிய இருத்திட்டு, அவருக்க வீட்டுக்காரிய உள்ள கூப்பிடுங்க. நான் பேசணும்."