வச்சிரம் ஒட்டிய ஸ்பீக்கர்

நாகநாதனுக்குப் பகலில் காரைக்குடிப் பட்டறையில் தச்சுவேலை. சாயங்காலமானால் சத்தியமூர்த்தியின் மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிதார். அந்த வட்டாரத்தில் கரண்டு கிதார் வாசிக்க வேறு ஆள் கிடையாது. அந்தத் திமிரும் அவனுக்குக் கொஞ்சம் இருந்தது.

எழுபத்து மூன்றாம் வருசம் ஐப்பசியில் அவன் மனைவி முத்தழகு மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அவளை வெளியே தூக்கும்போது வாசல் கதவு முழுசாகத் திறக்காமல் இடித்தது. நாகநாதன் போய் இழைப்புளியை எடுத்துவந்து, ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, கதவை இழைக்க ஆரம்பித்துவிட்டான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மாமியார் சின்னத்தாயி அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அவன் கல்நெஞ்சுக்காரன் இல்லை. சோறு ருசிக்கவில்லை, வெயில் சுடவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை அழுதுவிட்டால் போதும் என்றிருந்தது. அந்தப் பாழாய்ப்போன அழுகைதான் வரவில்லை.

பங்குனியில் கிதார் சத்தம் வரும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் ஸ்பீக்கர் காகிதத்தை எலி கடித்துவிட்டது. வேறொருவன் என்றால் மதுரைக்கு ரிப்பேருக்குக் கொடுத்தனுப்பியிருப்பான். இவன் ஆசாரியாயிற்றே! கிழிந்த இடத்தில் உப்புத்தாளை வைத்து, மரம் ஒட்டும் வச்சிரத்தைக் காய்ச்சிப் பூசிவிட்டான். பசை இறுகியதும் காகிதம் பலகையாகிவிட்டது. கம்பியைத் தட்டினால் தொண்டை கட்டிய மனுசன் கத்துவதுபோல் ஒரு சத்தம். நாகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவன் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது.

குன்றக்குடி உத்திரத் திருவிழா. துக்கம் நடந்து வருசம் திரும்பாததால் அவன் மலைக்கோயிலுக்கு ஏறவில்லை, மேடை அடிவாரத்தில்தான். சினிமாப் பாட்டின் நடுவே அந்தச் சத்தத்தை அவிழ்த்துவிட்டான். கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது.

கச்சேரி முடிந்ததும் சத்தியமூர்த்தி பொரிந்தார். “என்னப்பா இது, தகரத்தைப் போட்டு இழுக்குற மாதிரி! புது ஸ்பீக்கர் மாட்டிட்டு வா. இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் கூட்டத்திலிருந்து சின்னத்தாயி மேடையோரம் வந்து நின்றாள்.

“மாப்ளே, எம்மக பொணமாக் கெடந்த அன்னைக்கு இந்தச் சத்தத்தை எங்குட்டு வச்சிருந்தீக?”

நாகநாதன் திரும்பினான். “வேற ஆளைப் பாத்துக்கங்கண்ணே” என்று சத்தியமூர்த்தியிடம் சொல்லிவிட்டுக் கிதாரை மறுபடி மாட்டிக்கொண்டான்.

மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டும்வரை, காலி மைதானத்தில் மாமியார் ஒருத்திக்காக வாசித்தான். சின்னத்தாயி மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான், காய்ந்துதான் இருந்தது. பரவாயில்லை, அவனுக்கும் சேர்த்து அவள் அழுதுகொண்டிருந்தாள்.