ஆம் என்று அழுத்துகிறவள்

என் அக்காவுக்கு எந்தக் கேள்வியையும் முழுதாகப் படிக்கும் பழக்கம் கிடையாது. தையல்காரி. துணி வெட்டும்போது நூலளவு பிசகாது. கணினித் திரை ஏதாவது கேட்டால் மட்டும், யோசிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவாள். ஏன் என்று கேட்டால், "மரியாதையா கேக்குது, எப்படி இல்லைங்கறது?" என்பாள். என்னத்தைச் சொல்ல!

வீட்டில் ஒரே கணினி, அதில் இரண்டு இயங்குதளங்கள், இரண்டு குடித்தனம். விண்டோஸ் அக்காவுக்கு, சட்டை மாதிரிகளை அதில்தான் வரைவாள். லினக்ஸ் அத்தானுக்கு. வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பவர், வீட்டிலும் கட்டத்துக்கு ஓர் எழுத்துதான் பேசுவார். லினக்ஸிலிருந்து பார்த்தால் அக்காவின் கோப்புகள் எல்லாம் தெரியும். விண்டோஸிலிருந்து பார்த்தால் அத்தானின் கோப்புகள் உள்ள பகுதி பெயரில்லாத டிரைவாக நிற்கும், திறக்காது. இது என்ன நியாயமோ, எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

அன்று காலை அக்காவின் பக்கத்தில் இடம் தீர்ந்துவிட்டது. புது மாதிரியைச் சேமிக்க அந்தப் பெயரில்லாத டிரைவைத் தட்டினாள். ‘பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?’ என்று கேட்டது. அப்புறம் என்ன, ஆம். எல்லாம் அழிந்துவிடுமே என்று மறுபடி கேட்டது. மறுபடி ஆம்.

அத்தானின் முதல் புத்தகம் அதில்தான் இருந்தது. ஒரு வருஷ உழைப்பு, மறுநாள் அச்சகத்துக்குப் போக வேண்டியது.

"ஐயோ அக்கா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!"

"சுத்தம் பண்ணணும்னு சொல்லுச்சுடி..." அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

குளித்துவிட்டு வந்த அத்தான் விஷயத்தைக் கேட்டார். கணினியை அணைத்துப் போட்டு, தனிப் பகுதியில் இருந்ததால் தப்பித்த லினக்ஸில் நுழைந்து, அங்கிருந்து அக்காவின் பக்கத்தைத் திறந்தார். ‘கணினிப் பாடம்’ என்று ஒரு கோப்புறை. அக்கா ஜென்மத்துக்கும் அதைத் தொடமாட்டாள். உள்ளே புத்தகம் இருந்தது, படங்களோடு, தினம் ஒரு பிரதியாக.

"அப்போ என் பக்கம் நிரம்பிப் போனதே உங்களாலதானா?" அக்காவுக்குப் போன உயிர் கோபமாகத் திரும்பி வந்தது.

"ஆமா. என்னைக்காவது நீ ஆம்னு அழுத்திடுவன்னு தெரியும்."

"எப்படித் தெரியுமாம்?"

"என்னைக் கட்டிக்கறியான்னு கேட்டப்போ, கேட்டு முடிக்கறதுக்குள்ள தலையாட்டினியே."

நான் சிரித்துத் தொலைத்தேன். அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கு மட்டும் நல்லா யோசிச்சுத்தான் சொன்னேன்" என்றாள்.