கோல் காப்பாளரை மாப்பிள்ளை எடுத்த கதை

பிள்ளைகளே, நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கிற வெளிநாட்டுக் கழகங்கள் ஆட்டக்காரர்களை வாங்குகின்றன, விற்கின்றன. எங்கள் கடற்கரை ஊர்களில் அப்படி ஏலாது. நாங்கள் ஆடுகிற சுற்றுப்போட்டியில் அந்தந்த ஊரில் குடியிருப்பவன்தான் அந்த ஊர்க் கழகத்துக்கு ஆடலாம். வேறு ஊர்க்காரன் ஒருவன் நமக்கு ஆட வேண்டுமென்றால் அவன் நம் ஊருக்குக் குடிவர வேண்டும். ஓர் இளந்தாரி, பிறந்த ஊரை விட்டு அடுத்த ஊருக்கு எப்போது குடிவருவான்? கலியாணம் முடிக்கும்போதுதான். நம் வழக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறான். ஆகவே இந்தப் பக்கம் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் கழகம் மாறுகிறான் என்றால் அதில் ஒரு பெண் இருப்பாள்.

ஒரு தடவை அந்தப் பெண் உங்கள் மாமி, என் ஒரே தங்கச்சி. எங்கள் வாப்பா மௌத்தாகிவிட்டதால் அவளுக்கு வலியாக, பொறுப்பாளனாக நின்று கலியாணம் முடித்துக் கொடுக்க வேண்டியவன் நான். நீங்கள் அப்போது மிகவும் சின்னவர்கள். நடந்ததை ஊரில் பலர் பலவிதமாகக் கதைப்பார்கள். அதனால் நான் கண்டதை நானே எழுதி வைக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் கழகம் இறுதிப் போட்டியில் பெனால்டியில் தோற்றது. மைதானத்து ஓரத் தேத்தண்ணிக் கடையில் இரண்டு கட்சி உண்டானது. கழகச் செயலாளர் கைத்தொலைபேசிக் கடை வைத்திருப்பவர். அவர் ஒரு கட்சி. மீன் லொறி ஓட்டுகிற என் கூட்டாளி மறு கட்சி.

"நல்ல கீப்பர் இல்லாம நமக்குக் கோப்ப கிடைக்காது" என்றார் செயலாளர்.

"முழு மெச்சும் ஆடி ஒரு கோல் அடிக்கத் தெரியல்ல. பொறகு கீப்பருக்கு ஏசுறீங்க" என்றான் லொறிக்காரன். "நமக்கு வேண்டிய ஸ்ட்ரைக்கர். பொத்துவில்ல ஒருத்தன் இரிக்கான். இடது காலால அடிச்சானெண்டா வலை கிழியும்."

"பொத்துவிலானுக்குப் பொண்ணு ஆரு குடுக்கிற? நீ குடுக்கிறியா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"என்ட மகள் நேசறிக்குப் போறாள், மடையா!"

கடை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு பொடியன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அடுத்த ஊர்க் கீப்பருக்குப் பொண்ணு பாக்கிறாங்களாம். காக்கா, உங்கட தங்கச்சிக்கு..."

"என்ட தங்கச்சியப் பத்திக் கிளப்புல கதைக்க வாணாம்" என்று சொல்லிவிட்டு, குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஆனால் அந்தப் பேச்சு வேறு வழியால் வந்து சேர்ந்தது. அடுத்த ஊர்க் கீப்பர் வீடுகளுக்கு மின்சார வயரிங் செய்கிறவர். என் தங்கச்சி படிப்பிக்கிற முன்பள்ளிக்கு வேலைக்கு வந்த இடத்தில் அவளைக் கண்டிருக்கிறார். அவருடைய உம்மாவும் வாப்பாவும் முறையாக வந்து கேட்டார்கள். என் உம்மாவுக்குப் பிடித்தது. தங்கச்சியிடம் கேட்டேன். "ஓம், காக்கா" என்றாள். அவள் ஒரு நாளும் மைதானத்தை மிதித்தவள் இல்லை. கீப்பர் என்றால் எந்தப் பக்கம் நிற்பார் என்றும் அவளுக்குத் தெரியாது.

நிக்காஹ்வுக்கு நாள் குறித்த செய்தி வெளியே வந்ததும் தேத்தண்ணிக் கடையில் வட்டிலப்பம் பங்கிட்டார்கள். என்னைக் கேட்காமலே அது கழகத்தின் கலியாணமாகிவிட்டது. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நம் ஊரில் மாப்பிள்ளை வர மாட்டான் என்பது உங்களுக்குத் தெரியும். உம்மாவின் வளவில் தங்கச்சிக்குக் கட்டிய வீடு சுவர் எழும்பியபடி நின்றது. பூச்சு இல்லை, கூரை இல்லை. கழகத்தில் மேசன்மார் இருந்தார்கள், தச்சு வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். விடுமுறை நாள்களில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். மணல் அரித்தார்கள், சுவர் பூசினார்கள். சாரத்தில் நின்றுகொண்டும் அதே வாக்குவாதம்தான்.

"சுற்றுப்போட்டிக்குப் பேர் குடுக்கிற கடைசி நாளைக்கு முன்னம் அவர் நம்மட ஊருக்கு வந்திரணும். நிக்காஹ்வ முன்னுக்கு எடுங்க, காக்கா" என்று செயலாளர் கேட்டார். இரு வீட்டாருக்கும் அதில் தடையில்லை. நாளை முன்னுக்கு எடுத்தோம்.

"கீப்பர வெச்சி என்ன செய்யப்போறீங்க? பூச்சியம் பூச்சியமா ஆடிக்கிட்டே இரிங்க" என்று லொறிக்காரன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவான். அவனும் வேலைக்கு வருவான். வராமல் விட்டால் சண்டை பிடிக்க ஆள் கிடைக்காதே.

எனக்கு இதெல்லாம் சந்தோசமாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. என் தங்கச்சிக்கு ஒரு துணை வருகிறது என்று ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை. கீப்பர் வருகிறார், கீப்பர் வருகிறார் என்பதுதான் கதை.

மாப்பிள்ளை தன் ஊருக்கு ஒரு கடைசி ஆட்டம் ஆடிவிட்டு வருவதாகச் சொன்னார். வளர்த்த கழகம், அவருக்கு அந்தக் கடமை உண்டு. எங்கள் ஆட்கள் கொதித்தார்கள். "ஆட விடாதீங்க, காக்கா. கால் கை போனா?" என்றார்கள். நான் எப்படித் தடுப்பது? அவர் இன்னும் அந்த ஊர்ப் பிள்ளைதான்.

அந்த ஆட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் போனோம். மற்றவன் மைதானத்தில், மற்றவன் கீப்பருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். பந்து அவர் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் பொடியன்மார், "பாயாதீங்க! விடுங்க! கோல் போனாப் போகட்டும்!" என்று கத்தினார்கள். அந்த ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்கட பொடியனக் கொண்டுபோறதும் இல்லாம, கோலும் வாங்கச் சொல்றீங்களா?" என்று ஒரு மனிதர் எங்களை நோக்கிச் செருப்பைக் கழற்றினார்.

மாப்பிள்ளைக்கு யார் கத்தியதும் கேட்கவில்லை. எதிரணி ஆள் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். இவர் முன்னுக்கு ஓடி அவன் காலடியில் பாய்ந்து விழுந்தார். பந்து கையில் இருந்தது. ஆள் எழும்பவில்லை. வலது முழங்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நான் வேலியைத் தாண்டி ஓடிப்போய்த் தலையைத் தூக்கிப் பிடித்தேன். "ஒண்டுமில்ல, மச்சான். வீட்டுக்குச் செல்லிராதீங்க" என்றார். எந்த வீட்டைச் சொன்னாரோ தெரியாது.

முழங்கால் சவ்வு அறுந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். நடக்கலாம், வேலை செய்யலாம். இந்த வருடம் பந்துப் பக்கம் போக ஏலாது. அடுத்த வருடமும் பார்த்துத்தான் சொல்லலாம்.

அதற்குப் பிறகு எங்கள் வளவில் மேசன் கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது செயலாளர் என்னை மைதானக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் நேரே முகம் பார்க்கவில்லை.

"பிழையா நினைக்க வாணாம், காக்கா. கலியாணத்த நிப்பாட்டச் செல்லல்ல. கொஞ்சம் தள்ளி வைங்க. கால் எப்பிடிப் போகுதெண்டு பாப்பம்."

"அவர்ர தம்பியும் நல்லா ஆடுறவர்தானே" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "சென்டர் பெக். கேட்டுப் பாக்கலாம்."

"நீ என்ன, கடையில சட்டையா மாத்துற?" என்றேன்.

"கோபப்படாதீங்க" என்றார் செயலாளர். "நாங்க வேலைய விட மாட்டம். ஞாயிற்றுக்கிழமை வந்து கூரைக்குச் சீட் அடிச்சித் தாறம். எந்த மாப்பிள்ள வந்தாலும் கூரை வேணும்தானே."

அந்தக் கடைசிச் சொல்லில் அவர்கள் மனதில் இருந்தது எனக்கு விளங்கிவிட்டது. உடனே மறுத்திருக்கலாம். ஆனால் அவர்கள் கையில்தான் வீடு இருந்தது. நாளோ கிட்ட வந்துவிட்டது. கூரையில்லாத வீட்டுக்கு எப்படி மாப்பிள்ளையைக் கூட்டி வருவது? "வீட்டில கேட்டுச் செல்றன்" என்று மட்டும் சொன்னேன். வீட்டில் ஒருவரிடமும் கேட்கவில்லை. அன்று பொழுதுபட்டு மஃரிபுக்குள் அந்தச் சொல் வாய்க்கால் தண்ணீர் போல் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. பெண் வீட்டார் தள்ளப் போகிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தார்கள். ஆறேழு பேர் கூரை மரத்தில் ஏறிச் சீட் அடித்துக்கொண்டிருந்தார்கள். லொறிக்காரன் உச்சியில் குந்தியிருந்து பொத்துவில் பொடியனின் புகழைப் பாடிக்கொண்டிருந்தான். தங்கச்சி பின்பக்கம் உம்மாவோடு குசினியில் நின்றாள். அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வளவுக்குள் வந்து நின்றது. மாப்பிள்ளையின் வாப்பா. வயற்காரர். காலில் காய்ந்த சேற்றோடு அப்படியே வந்திருந்தார்.

"வாங்க மாமா, இரிங்க" என்று கதிரையை எடுத்தேன்.

"இரிக்க வரல்ல, தம்பி" என்றார். அவர் சத்தமாகக் கதைக்கவில்லை. ஆனாலும் மேலே சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. "உங்கட ஊருக்குக் கீப்பர் வேணுமெண்டுதான் என்ட மகன எடுத்தீங்களாம். எங்கட ஊர்ல இப்ப அதுதான் கதை. நான் நம்பல்ல. ஆனாலும் ஒண்டு செல்லணும். அவன் இனிக் கீப்பரில்ல. வயரிங் வேல செய்றவன், அஞ்சு நேரம் தொழுகிறவன், அவ்வளவுதான். வேணாமெண்டா இப்ப செல்லுங்க. பள்ளியில ஆக்கள் கூடின பொறகு செல்ல வாணாம்."

நான் மேலே பார்த்தேன். செயலாளர் கையில் ஆணியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கலியாணத்துக்கு ஓம் என்றால் இவர்கள் இறங்கிப் போவார்கள். தள்ளுகிறோம் என்றால் இந்த மனிதர் போவார். பேசி முடித்த கலியாணம் குழம்பின பெண் என்ற பெயர் என் தங்கச்சியோடு நின்றுவிடும். வலி என்று நிற்கிறவன் நான்தான்.

குசினிக் கதவுப் பக்கமிருந்து அவள் சத்தம் வந்தது. முகம் தெரியவில்லை. முந்தானை நுனி மட்டும் தெரிந்தது.

"காக்கா, மாமா வந்தது அவருக்குத் தெரியுமா எண்டு கேளுங்க."

அந்த மனிதர் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தார். "தெரியா, மகள். படுத்திரிக்கான். நான் வயலுக்குப் போறனெண்டு செல்லிட்டு வந்தன்."

"அப்ப இதக் கேக்க வந்ததா அவருட்டச் செல்ல வாணாம், மாமா. கேட்டா மனம் விட்டிருவாரு." பிறகு, "நாள் மாறல்ல எண்டு மட்டும் செல்லுங்க" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் நானும் வாய் திறந்தேன். "நாள் அந்த நாள்தான், மாமா" என்றேன். கூரைக்குக் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை பலமாகச் சொன்னேன்.

முதலில் ஒரு பொடியன் ஏணியால் இறங்கினான். கடையில் ஆளில்லை என்றான். அடுத்தவனுக்கு உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். செயலாளர் கடைசியாக இறங்கி, கையில் இருந்த ஆணியை என் கையில் வைத்தார். "அஸருக்கு நேரமாகுது, காக்கா" என்றார். நடுப்பகல் லுஹர் பாங்கே இன்னும் சொல்லவில்லை. பாதிக் கூரையைத் திறந்தபடி விட்டுவிட்டு எல்லோரும் படலையைத் தாண்டிப் போனார்கள். மாப்பிள்ளையின் வாப்பா அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் கேட்ட கதை பொய்யில்லை என்று அவர் அறிந்துகொண்ட நேரம் அதுதான். எனக்கு நிலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்போது உச்சியில் சுத்தியல் சத்தம் ஒன்று கேட்டது.

லொறிக்காரன் இறங்கவில்லை. "என்ன மச்சான், கீழ நிண்டு மரமா வளக்கிறீங்க?" என்றான். "எனக்குக் கீப்பர் வாணாமெண்டு நான் முந்தியே சென்னன்தானே? கீப்பர் இல்லாட்டி அவங்களுக்குத்தான் நட்டம், எனக்கென்ன? இப்ப மாப்பிள்ளைக்குத்தானே வீடு கட்டுறம். அது வேற கதை. ஆணி முடிஞ்சி, கொண்டு வாங்க!"

நான் ஏணியில் கால் வைத்தேன். மண் இளகின இடம், ஏணி ஆடியது. மாப்பிள்ளையின் வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்தார்.

"மாமா" என்றான் லொறிக்காரன் மேலிருந்து, "உங்கட ஊர்ல நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருத்தன், கலியாணம் முடிக்காம இரிக்கானா?"

"வாய மூடிட்டு அடி, மகன்" என்றார் அவர். "வெள்ளிக்கிழமை நிக்காஹ்வுக்கு ஆக்கள் வருவாங்க."